தெளிவாகப் பேசுதல்: வார்சா மெய்யியல் துறையின் வரலாறு



ஒரு பல்கலைக்கழகத் துறையின் வரலாறு பெரும்பாலும் அத்துறையாரைத் தவிர வேறு எவரையும் ஈர்ப்பதில்லை. தொடங்கிய ஆண்டு, தலைமை ஏற்றோர் வரிசை, வெளியிட்ட நூல்களின் எண்ணிக்கை என்ற அளவில் அது நின்றுவிடும். போலந்து நாட்டுத் தலைநகரான வார்சாவின் பல்கலைக்கழகத்து மெய்யியல் துறையின் வரலாறு அத்தகையதன்று. ஐம்பது ஆண்டுக் காலத்துக்குள் அது கட்டடத்தை இழந்தது. கையெழுத்துப் படிகளை நெருப்புக்குக் கொடுத்தது. மாணாக்கர் பலரைக் கொலைக்களத்தில் இழந்தது. இறுதியில் ஓர் அரசாணையால் கலைக்கவும்பட்டது. அந்த ஆணைக்கு இட்டுச் சென்ற நிகழ்ச்சிகளின் தொடக்கத்தில் ஒரு கவிஞரின் நாடகம் நிற்கிறது. கவிஞர்கள் கூடியிருக்கும் அவையில் அது பேசப்படுவதற்கு இது ஒன்றே போதிய காரணமாகும்.

அவ்வரலாறு வார்சாவில் தொடங்கவில்லை. 1795 முதல் போலந்து என்றொரு நாடு நிலப்படத்தில் இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அரசுகளும் அதனைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. வார்சாவில் 1816ஆம் ஆண்டில் தோன்றிய பல்கலைக்கழகம், ரஷ்ய ஆட்சியை எதிர்த்த எழுச்சி தோற்ற பின் 1831இல் மூடப்பட்டது. பின்னர் 1869 முதல் அங்கே நடந்தது ரஷ்ய மொழியில் கற்பிக்கும் பல்கலைக்கழகமே. ஒரு போலந்து இளைஞன் தன் தாய்மொழியில் மெய்யியல் பயில வேண்டுமாயின், ஆஸ்திரியப் பங்கிலிருந்த கிராக்கோவ் நகருக்கோ லுவோவ் நகருக்கோ செல்ல வேண்டும். லுவோவ் இன்று உக்ரைன் நாட்டில் லிவிவ் என்ற பெயரோடு விளங்கும் நகரம்.

அந்த லுவோவ் நகருக்கு 1895இல் இருபத்தொன்பது வயதுடைய ஓர் ஆசிரியர் வந்து சேர்ந்தார். காசிமிர் த்வார்டோவ்ஸ்கி என்பது அவர் பெயர். வியன்னாவில் 1866இல் பிறந்தவர், பிரென்டானோவின் மாணாக்கர். மன உருக்களின் உள்ளடக்கம் வேறு, அவை சுட்டும் பொருள் வேறு என்று நிறுவி 1894இல் அவர் எழுதிய சிறு நூல் ஐரோப்பிய மெய்யியலார் பலரால் படிக்கப்பட்டது. தொடர்ந்து எழுதியிருந்தால் தம் பெயரில் ஒரு தத்துவத்தையே நாட்டியிருக்கக்கூடும். அவர் எழுதுவதைக் குறைத்துக்கொண்டு கற்பிப்பதை மேற்கொண்டார். விடியற்காலையிலேயே அவருடைய சொற்பொழிவுகள் தொடங்கும்; அப்பொழுதும் மண்டபம் நிறைந்திருக்கும். 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள், கான்ட் மறைந்த நூற்றாண்டு நிறைவன்று, போலந்து மெய்யியல் கழகத்தை அவர் லுவோவில் நிறுவினார். 1911இல் மெய்யியல் செய்திகளுக்கென ஓர் இதழையும் தொடங்கினார். பத்தாண்டு நிறைவைக் காணும் இவ்வட்டத்தார்க்கு ஒரு கழகத்தை நடத்துவதும் ஓர் இதழைத் தவறாமல் கொணர்வதும் எத்தகைய பணி என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

த்வார்டோவ்ஸ்கி தம் மாணாக்கர்க்குக் கொள்கை எதனையும் கற்பிக்கவில்லை. ஒரு பழக்கத்தைக் கற்பித்தார். ஒரு நூற்பகுதியைப் படித்தால் அதில் சொல்லப்பட்டது யாது, அதற்கு ஆசிரியர் காட்டும் காரணம் யாது என்பதை மாணாக்கன் தன் சொற்களில் பிறர் ஐயுறாதவாறு எழுதிக் காட்ட வேண்டும். பெரிய சொல்லால் சிறிய கருத்தை மறைத்தலும், கருத்தே இல்லாத இடத்தைச் சொல்லால் நிரப்புதலும் அவரிடம் செல்லா. முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் தெளிவான நடை, தெளிவற்ற நடை என்பன பற்றி அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். சில பக்கங்களே கொண்டது. ஆழமான எண்ணம் இயல்பாகவே மங்கலாகத்தான் வெளிப்படும் என்று பலரும் நம்பிவந்ததை அக்கட்டுரை மறுத்தது. தெளிவாக எண்ணுபவன் தெளிவாக எழுத வல்லவன். எழுத்து மங்கலாக இருப்பின் எண்ணமும் மங்கலாகவே இருந்திருக்கும். ஆதலின் புரியாத நூலைப் புரிந்துகொள்ளப் படிப்பவன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டுவதில்லை என்பது அதன் சாரம்.

இதனை முழுவதும் ஒப்புக்கொள்வது கடினம். முதன்முறை சொல்லப்படும் ஒன்று முதன்முறையிலேயே தெளிந்த வடிவத்தைப் பெற்றுவிடும் என்பதற்கு உறுதி இல்லை. கவிஞர்கள் இங்கே முகம் சுளித்தால் அதிலும் வியப்பில்லை. ஆயினும் த்வார்டோவ்ஸ்கி பேசியது மெய்யியல் உரைநடையைப் பற்றி. கவிதையை அவர் இழுக்கவில்லை. தாம் கேட்ட தெளிவு அறிவு சார்ந்தது மட்டுமன்று, ஒழுக்கம் சார்ந்ததும் ஆகும் என்பதே அவருடைய உட்கிடை. தெளிவாகச் சொல்பவன் பிழையாகச் சொன்னால் பிடிபட்டுவிடுவான். பிடிபடக்கூடிய இடத்தில் வந்து நிற்பதற்குத் துணிவு வேண்டும். இந்தத் துணிவு பின்னாளில் எவ்வெவர்க்கு எவ்வெவ்விடத்தில் இருந்தது, எவ்விடத்தில் இல்லாது போயிற்று என்பதே இத்துறையின் வரலாறு எனலாம்.

1915 ஆகஸ்டில் ரஷ்யர்கள் வார்சாவை விட்டு விலகினர், ஜெர்மானியர் புகுந்தனர். போர்க்காலத் தேவைகளை எண்ணிப் போலந்து மக்களின் நல்லெண்ணத்தைப் பெற விரும்பிய புதிய ஆட்சியாளர், அவ்வாண்டு நவம்பரில் போலிஷ் மொழியிலேயே பல்கலைக்கழகம் திறக்க இசைந்தனர். லுவோவில் பயின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தனர். முதலில் வந்தவர் யான் வுகாசியேவிச். போலந்து 1918இல் விடுதலை பெற்றதும் 1919இல் ஸ்தனிஸ்லாவ் லெஸ்னியெவ்ஸ்கியும் ததேயுஷ் கோட்டார்பின்ஸ்கியும் வந்தனர். பிளேட்டோவின் உரையாடல்களைப் போலிஷ் மொழியில் பெயர்த்த உளவியலார் விட்விட்ஸ்கியும் அவ்வாண்டே வந்தார். லுவோவ் வழியில் வாராதவராகிய வ்வாதிஸ்வாவ் டாட்டார்கியேவிச் தொடக்கத்தில் சில ஆண்டுகள் பணியாற்றி, வேறு நகரங்களில் இருந்துவிட்டு, 1923இல் மீண்டு வந்தார். ஓர் ஆசிரியரின் மாணாக்கர்களால் ஒரு துறை இத்துணை விரைவாக நிறைந்தமை அரிதான நிகழ்ச்சி. அவர்களுள் ஒருவர் கொள்கை மற்றவர்க்கு உடன்பாடானதன்று. பொருள்களே உள்ளன, பண்புகளும் உறவுகளும் பேச்சு வசதிக்கான சொற்களே என்றார் கோட்டார்பின்ஸ்கி. வுகாசியேவிச்சோ சமயப்பற்றுடைய கத்தோலிக்கர். பேசும் முறை ஒன்றே அவர்களைப் பிணைத்தது.

வுகாசியேவிச் வெறும் ஏட்டறிஞர் அல்லர். 1919இல் கல்வி அமைச்சராக இருந்தார். இரு முறை பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். அவர் பெயரைக் கேட்டறியாதவர்களும் அவருடைய ஒரு கண்டுபிடிப்பின் நிழலில் இருக்கிறார்கள். 1924 அளவில் அடைப்புக்குறியே வேண்டாத ஒரு குறியீட்டு முறையை அவர் வகுத்தார். செய்கைக் குறியை எண்களின் நடுவே வைக்காமல் முன்னே வைப்பது அம்முறை. × + 2 3 4 என்று எழுதினால் இரண்டையும் மூன்றையும் கூட்டி நான்கால் பெருக்குக என்று பொருள், விடை 20. + 2 × 3 4 என்று எழுதினால் மூன்றையும் நான்கையும் பெருக்கி இரண்டோடு கூட்டுக என்று பொருள், விடை 14. எங்கும் அடைப்புக்குறி இல்லை, ஐயப்பாட்டுக்கும் இடமில்லை. குறியைப் பின்னே வைக்கும் இதன் தலைகீழ் வடிவம் பின்னாளில் கணிப்பொறிகளிலும், 1972இல் வெளிவந்த ஹியூலெட்-பேக்கர்டு நிறுவனத்தின் கையடக்கக் கணிப்பானிலும் பயன்பட்டது.

அவருடைய மற்றொரு கண்டுபிடிப்பு இதனினும் ஆழமானது. ஒரு கூற்று மெய்யாக இருக்க வேண்டும், அல்லது பொய்யாக இருக்க வேண்டும். மூன்றாவது நிலை இல்லை என்பது அரிஸ்டாட்டில் காலம் முதல் அளவையியலின் அடித்தளம். அவ்வாறாயின் நாளை நடக்கப்போவதைப் பற்றிய கூற்றும் இன்றே மெய்யாகவோ பொய்யாகவோ இருந்தாக வேண்டுமல்லவா? இருந்தால் நாளை என்பது இன்றே முடிந்துபோன ஒன்றாகிவிடும். மனிதன் முயன்று பயன் என்ன? இந்த இறுக்கத்திலிருந்து விடுபட, மெய்யும் அன்று பொய்யும் அன்று என்னும் மூன்றாவது மதிப்பை அவர் அளவையியலுக்குள் கொணர்ந்தார். 1918இல் அதனை அறிவித்து 1920இல் வெளியிட்டார். பின்னர் இதனை விளக்குகையில் அவர் எடுத்துக்கொண்ட காட்டு மிக எளியது: வரும் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் நண்பகலில் தாம் வார்சாவில் இருப்பது என்பது இன்றைக்கு முடிவு செய்யப்படாத ஒன்று. இருப்பார் என்பதும் மெய்யன்று. இரார் என்பதும் மெய்யன்று. முதல் உலகப் போரையும் விடுதலையையும் அடுத்தடுத்துக் கண்ட ஒரு மனிதர்க்கு இது வெறும் குறியீட்டு விளையாட்டாக இருந்திருக்க முடியாது.

லெஸ்னியெவ்ஸ்கி வேறு வகையானவர். சொல்லில் சிறு பிசிறு கண்டாலும் விடமாட்டார். ஆதலின் எழுதி வெளியிட்டது குறைவு. அவருடைய வழிகாட்டலில் முனைவர் பட்டம் பெற்றவர் ஒருவரே. 1924இல் பட்டம் பெற்ற அம்மாணாக்கர், வார்சாவின் யூதக் குடும்பம் ஒன்றில் 1901இல் டைட்டல்பாம் என்ற குடும்பப் பெயரோடு பிறந்து, அதனை மாற்றிக்கொண்ட ஆல்ஃபிரட் டார்ஸ்கி. மெய் என்ற சொல்லின் பொருளை டார்ஸ்கி 1933இல் போலிஷ் மொழியில் வெளியிட்ட நூல் ஆராய்ந்தது. பனி வெண்மையானது என்னும் வாக்கியம் மெய்யாவது எப்பொழுது? பனி வெண்மையாக இருக்கும்பொழுது. இதைச் சொல்ல ஒரு நூல் வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். ஆனால், நான் சொல்லும் இந்த வாக்கியம் பொய் என்று ஒருவன் சொன்னால், அது மெய்யாயின் பொய்யாகிறது, பொய்யாயின் மெய்யாகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தீராதிருந்த முடிச்சு இது. ஒரு மொழி தன் வாக்கியங்களின் மெய்மையைத் தானே உரைக்கப் புகுந்தால் முரண்பாட்டில் விழும். அதைப் பற்றிப் பேச அதற்கு மேற்பட்ட இன்னொரு மொழி வேண்டும் என்று டார்ஸ்கி காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் மெய்யியலில் இதற்கு நிகராகப் பேசப்பட்ட முடிவுகள் சிலவே.

அத்தகைய டார்ஸ்கிக்கு வார்சாவில் பேராசிரியர் பதவி கிட்டவில்லை. பல்கலைக்கழகத்தில் கீழ்நிலைப் பணியோடு உயர்நிலைப் பள்ளியொன்றில் கணக்கு ஆசிரியராகவும் இருந்து குடும்பத்தைக் காத்தார். பதவி கிட்டாமைக்குக் காரணம் ஒன்றன்று என்றாலும் யூதர் மீதான காழ்ப்பும் அதில் ஒன்று என்பதை மறைப்பதற்கில்லை. அவருடைய ஆசிரியரான லெஸ்னியெவ்ஸ்கியிடமே அக்காழ்ப்பு வளர்ந்திருந்தது. முப்பதுகளில் த்வார்டோவ்ஸ்கிக்கு அவர் எழுதிய கடிதம் அதற்குச் சான்று. குறியீட்டில் ஒரு பிசிறைப் பொறாத அறிவு மனத்தின் பெரும்பிழையைப் பொறுத்துக்கொண்டது. 1937 அக்டோபரில் யூத மாணாக்கர் வகுப்பில் தனி வரிசையில்தான் அமர வேண்டும் என்னும் விதி வார்சாப் பல்கலைக்கழகத்தில் புகுத்தப்பட்டது. அதனை வெளிப்படையாக எதிர்த்த பேராசிரியருள் கோட்டார்பின்ஸ்கி முன்னணியில் நின்றார். பின்னாளில் டார்ஸ்கி தம் கட்டுரைத் தொகுதியை 1956இல் வெளியிட்டபொழுது அதனைப் படைத்தது தம் பட்டத்துக்கு வழிகாட்டிய லெஸ்னியெவ்ஸ்கிக்கு அன்று, கோட்டார்பின்ஸ்கிக்கு.

1939 மே மாதம் லெஸ்னியெவ்ஸ்கி இறந்தார். ஆகஸ்டில் டார்ஸ்கி ஒரு மாநாட்டின் பொருட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். செப்டம்பர் முதல் நாள் போர் மூண்டது. அவர் திரும்பவில்லை. மனைவியும் மக்கள் இருவரும் போரில் பிழைத்து 1946இல் அவரிடம் சென்று சேர்ந்தனர். பெற்றோரும் உடன்பிறந்தவரும் கொல்லப்பட்டனர். வுகாசியேவிச்சின் வீட்டின் மேல் செப்டம்பரிலேயே குண்டு விழுந்தது. கையெழுத்துப் படிகளும் நூல்களும் எரிந்தன. லெஸ்னியெவ்ஸ்கி விட்டுச் சென்ற தாள்களை அவர் மாணாக்கர் ஒருவர் பாதுகாத்து வந்தார். அவையும் 1944இல் எரிந்தன. வெளியிடாமல் செம்மைப்படுத்திக்கொண்டே இருந்த ஒரு வாழ்நாள் உழைப்பின் பெரும்பகுதி இவ்வாறு போயிற்று.

தாள் எரிந்ததைப் பேசுகையில் மாந்தர் அழிந்ததை விடலாகாது. யனினா ஹோசியாசன் கோட்டார்பின்ஸ்கியிடம் முனைவர் பட்டம் பெற்றவர். கண்டவற்றைக் கொண்டு காணாததைப் பொதுமைப்படுத்தும் அனுமானம் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதை ஆராய்ந்தவர். அவருடைய கட்டுரை 1940இல் அமெரிக்க இதழொன்றில் அச்சாயிற்று. அவர் கணவர் அடோல்ஃப் லிண்டன்பாம், இன்றும் அளவையியல் பாடநூல்களில் தம் பெயரில் ஒரு தேற்றத்தைக் கொண்டவர். இருவரும் வார்சாவிலிருந்து கிழக்கே தப்பிச் சென்றனர். கணவர் 1941இலும் மனைவி 1942இலும் வில்னா நகரிலும் அதன் சூழலிலும் கொல்லப்பட்டனர். எண்களின் கூட்டலை மட்டும் கொண்ட கணிதம் முழுவதும் இயந்திர முறையில் முடிவு செய்யத்தக்கது என்று 1929இல் வெளியான தம் கட்டுரையில் நிறுவிய பிரெஸ்பர்கரும் யூதர் அழிப்பில் மடிந்தார். இவர்கள் எல்லாரும் யூதர்கள்; நாற்பது வயதை எட்டியோ எட்டாமலோ மாண்டவர்கள்.

ஜெர்மானிய ஆட்சி போலந்து மக்களுக்கு உயர்கல்வி வேண்டுவதில்லை என்று முடிவு செய்து பல்கலைக்கழகங்களை மூடியது. வார்சாப் பல்கலைக்கழகம் வீடுகளுக்குள் நடந்தது. ஏறத்தாழ 300 ஆசிரியர்கள், 3,500 மாணாக்கர்கள். பிடிபட்டால் சிறை முகாம், அல்லது சாவு. ஒரு வீட்டின் முன்னறையில் ஐந்தாறு பேர் கூடுவர். ஒருவர் ஒருவராக வருவர், ஒருவர் ஒருவராகப் போவர். கோட்டார்பின்ஸ்கி கற்பித்தார், டாட்டார்கியேவிச் கற்பித்தார். அவ்வாறு பயின்ற இளைஞருள் கிளெமென்ஸ் ஷனியாவ்ஸ்கி என்பவர் அவுஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டு உயிர் பிழைத்தார். அவர் பெயர் மீண்டும் வரும்.

டாட்டார்கியேவிச் அந்த ஆண்டுகளில் எழுதிக்கொண்டிருந்த நூலின் பொருள் மகிழ்ச்சி. மகிழ்ச்சி என்று மனிதர் எவற்றையெல்லாம் சொல்லி வந்திருக்கின்றனர், அச்சொல்லின் பொருள்கள் எத்தனை, துன்பம் அதற்கு எதிர்ச்சொல்தானா என்பவற்றை அமைதியாக வகைப்படுத்தும் நூல் அது. 1944 ஆகஸ்டில் வார்சா மக்கள் ஆயுதம் ஏந்தினர். அறுபத்து மூன்று நாளில் எழுச்சி நசுக்கப்பட்டது. பிழைத்த மக்களைப் படையினர் நகரிலிருந்து வெளியேற்றினர். டாட்டார்கியேவிச்சின் பெட்டியைச் சோதித்த அதிகாரி ஒருவன் கையெழுத்துப் படியைக் கண்டான். இது என்ன என்று கேட்டு, அறிவு நூல் என்று அறிந்ததும், போலந்துப் பண்பாடு என்று இனி ஒன்று இல்லை என்னும் பொருள்படச் சொல்லி அதனைச் சாக்கடையில் எறிந்தான். டாட்டார்கியேவிச் உயிரைப் பொருட்படுத்தாது குனிந்து அதனை எடுத்துக்கொண்டார். மகிழ்ச்சியைப் பற்றிய அந்நூல் 1947இல் வெளிவந்தது. இச்செய்தியை அவரே முன்னுரையில் சில வரிகளில், குரலை உயர்த்தாமல் கூறியிருக்கிறார்.

வுகாசியேவிச் அந்த எழுச்சிக்குச் சில நாட்கள் முன்னரே மனைவியோடு ஜெர்மனிக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். ஜெர்மானிய அளவையியலார் ஒருவர் அவருக்கு உதவினார். இதனைக் குறை கூறியோரும் உண்டு. 1946இல் அயர்லாந்தின் டப்ளின் நகர் அவருக்குப் புகலிடம் தந்தது. அரிஸ்டாட்டிலின் அளவையியலைப் பற்றிய ஆங்கில நூலை அங்கிருந்து 1951இல் வெளியிட்டு, 1956இல் அங்கேயே இறந்தார். அவருடைய உடல் எச்சம் 2022 நவம்பரில் வார்சாவுக்குக் கொண்டுவரப்பட்டு நகரின் பழைய இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் நண்பகலில் அவர் வார்சாவில் இருந்தார்.

போருக்குப் பின் பல்கலைக்கழகம் இடிபாடுகளிடையே மீண்டும் திறந்தது. லுவோவ் சோவியத் ஒன்றியத்துக்குப் போய்விட்டது. அங்கிருந்த மெய்யியலார் போலந்தின் பல நகரங்களுக்குச் சிதறினர். கோட்டார்பின்ஸ்கி லோட்ஸ் நகரில் புதிதாக அமைந்த பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரானார். அங்கே அவரிடம் பயின்ற மாணாக்கருள் லெஷெக் கோலகோவ்ஸ்கி ஒருவர். 1927இல் பிறந்தவர், போரின் கொடுமைகளைச் சிறுவனாகக் கண்டு, பொதுவுடைமைக் கட்சியில் நம்பிக்கை கொண்டு சேர்ந்தவர். கூர்த்த அறிவும் அதனினும் கூர்த்த பேனாவும் உடையவர்.

இங்கே இவ்வரலாற்றின் கடினமான பகுதி வருகிறது. 1950 மார்ச்சில் வார்சாவில் டாட்டார்கியேவிச்சின் ஆய்வு வகுப்பில் பயின்ற கட்சி இளைஞர் எண்மர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினர். அவருடைய வகுப்பில் சமவுடைமைக்குப் பகையான கருத்துகள் பேசப்படுகின்றன, ஆசிரியர் அவற்றைத் தடுப்பதில்லை என்பது அதில் கண்ட குற்றச்சாட்டு. கையெழுத்திட்டவருள் கோலகோவ்ஸ்கியும் இருந்தார். அவருடைய நண்பர் புரோனிஸ்வாவ் பாச்கோவும் இருந்தார். டாட்டார்கியேவிச் கற்பிக்கும் உரிமையை இழந்தார். அறுபத்து நான்கு வயதில், மறைவான வீடுகளில் உயிரைப் பணயம் வைத்துக் கற்பித்த ஆசிரியர், சுதந்திர நாட்டின் வகுப்பறையிலிருந்து தம் மாணாக்கராலேயே வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டு பாச்கோ, கோட்டார்பின்ஸ்கியின் மெய்யியலையும் சமூகக் கருத்துகளையும் தாக்கி நீண்ட கட்டுரை எழுதினார்.

அந்தக் கடிதத்தில் தெளிவுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் புரியும். த்வார்டோவ்ஸ்கியின் பாடம் இங்கே சோதனைக்கு உள்ளாகிறது: நடை தெளிவாக இருப்பதனால் மட்டும் சொல்பவன் நேர்மையாளன் ஆகிவிடுவதில்லை. பிறர் கேட்டு மறுக்கக்கூடிய இடத்தில் சொல்லப்படும்பொழுதே தெளிவு பயன் தருகிறது. மறுமொழி கூற வாயில்லாத ஒருவரை நோக்கிச் சொல்லப்படுகையில் அது வெறும் கூர்மையாகிவிடும். டாட்டார்கியேவிச் இதற்கு வாதம் எதுவும் புரியவில்லை. வீட்டில் அமர்ந்து அழகியலின் வரலாற்றை எழுதினார். மூன்று பெருந்தொகுதிகளாக அது அறுபதுகளில் வெளிவந்தது. 1956க்குப் பின் இறுக்கம் தளர்ந்தபொழுது மீண்டும் கற்பிக்கலானார்.

தளர்ச்சி அவரைத் தூற்றியவர்களையும் மாற்றியது. கோலகோவ்ஸ்கி 1959 முதல் வார்சாவில் நவீன மெய்யியல் வரலாற்றுப் பீடத்தில் இருந்தார். பாச்கோ ரூசோவை ஆராய்ந்தார். இவர்களும் ஷாட்ஸ்கி, வலிட்ஸ்கி முதலியோரும் சேர்ந்து கருத்துகளின் வரலாற்றை எழுதுவதில் ஒரு புதிய மரபையே தோற்றுவித்தனர். நம்பிக்கையோடு கட்சியில் சேர்ந்தவர்கள், பதினேழாம் நூற்றாண்டுச் சமயப் பிரிவினைகளை ஆராய்ந்துகொண்டே தங்கள் காலத்துத் திருச்சபையைப் பற்றி எழுதினர். படிப்பவர்க்கு அது புரிந்தது. தணிக்கையாளர்க்கும் புரிந்தது. 1966 அக்டோபரில், பத்தாண்டு முன் தளர்ச்சி தோன்றிய நாளை நினைவுகூரும் கூட்டம் பல்கலைக்கழகத்தில் நடந்தபொழுது, அந்த அக்டோபர் தந்த வாக்குறுதிகள் என்னவாயின என்று கோலகோவ்ஸ்கி வெளிப்படையாகக் கேட்டார். உடனே கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்.

இனி நாடகத்துக்கு வரலாம். போலந்துக் கவிதையின் தலைமகனான ஆடம் மிக்கியேவிச் எழுதிய ஜியாடி என்னும் நாடகம், ரஷ்யப் பேரரசன் ஆட்சியில் சிறைப்பட்ட இளைஞர்களைப் பற்றியது. அதன் மூன்றாம் பகுதி 1832இல் வெளிவந்தது. வார்சாவின் தேசிய அரங்கில் 1967 நவம்பரில் அது மேடையேறியது. ரஷ்ய ஆட்சியைச் சாடும் வரிகளுக்கு மக்கள் ஓங்கிக் கை தட்டினர். நூற்று முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வரிகளுக்கு எழுந்த கைதட்டலைக் கேட்டு அரசு அஞ்சியது. 1968 ஜனவரி 30ஆம் நாளோடு நாடகம் நிறுத்தப்பட்டது. கடைசிக் காட்சி முடிந்ததும் மாணாக்கர் மிக்கியேவிச்சின் சிலைக்கு ஊர்வலமாகச் சென்றனர். அவர்களுள் இருவர் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டனர். அதனை எதிர்த்து மார்ச் 8ஆம் நாள் பல்கலைக்கழக முற்றத்தில் கூடியோர் தடியால் அடிக்கப்பட்டனர். கிளர்ச்சி நாடெங்கும் பரவியது. அதனை யூதரின் சூழ்ச்சி என்று அரசு பறைசாற்றியது. பின்வந்த ஓரிரு ஆண்டுகளில் ஏறத்தாழ 13,000 பேர் நாட்டை விட்டுச் சென்றனர்.

மார்ச் 25ஆம் நாள் கோலகோவ்ஸ்கி, பாச்கோ, அழகியலார் மொராவ்ஸ்கி, சமூகவியலார் பௌமன், ஹிர்ஷோவிச், பொருளியலார் புருஸ் ஆகிய அறுவரும் பதவி நீக்கம் செய்யப்பட்டனர். சில நாட்களில் மெய்யியல் உட்படப் பல பிரிவுகள் கலைக்கப்பட்டன. மாணாக்கர் அனைவர் பெயரும் ஏட்டிலிருந்து அடிக்கப்பட்டு, மீண்டும் சேர விரும்புவோர் மனுச் செய்ய வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. ஜெர்மானியர் மூடியபொழுது வீடுகளில் தொடர்ந்த துறை, இப்பொழுது திறந்தே இருந்தும் ஆளிழந்து நின்றது. கட்டடம் போனபொழுது ஏற்பட்ட இழப்பைக் காட்டிலும் இது பெரிது என்றே தோன்றுகிறது. எரிந்த நூலகத்தை மீண்டும் சேர்க்கலாம். கேள்வி கேட்பவரை அகற்றிவிட்டு அவ்விடத்தில் கேளாதவரை அமர்த்தினால் ஒரு தலைமுறை மாணாக்கர் எதைக் கற்பது?

கோலகோவ்ஸ்கி 1970 முதல் ஆக்ஸ்ஃபோர்டில் வாழ்ந்து, மார்க்சியத்தின் தோற்றம், வளர்ச்சி, சிதைவு பற்றி மூன்று தொகுதிகள் எழுதினார். பாச்கோ ஜெனீவாவுக்குச் சென்றார். கோட்டார்பின்ஸ்கி 1981 வரை வாழ்ந்தார். டாட்டார்கியேவிச் 1980இல் தொண்ணூற்று நான்கு வயதில் மறைந்தார்.

துறையில் எஞ்சியிருந்தவர்களுள் ஷனியாவ்ஸ்கியும் ஒருவர். மறைவு வகுப்பில் கோட்டார்பின்ஸ்கியிடம் அளவையியல் கற்ற அவர், நிகழ்தகவும் முடிவெடுத்தலும் பற்றி ஆய்ந்துகொண்டிருந்தார். அறிவியலாரும் கலைஞரும் எழுத்தாளரும் சேர்ந்த குழுவின் தலைவராக, 1981 டிசம்பரில் வார்சாவில் போலந்துப் பண்பாட்டு மாநாட்டைக் கூட்டினார். 13ஆம் நாள் விடியுமுன் இராணுவச் சட்டம் வந்து மாநாட்டைப் பாதியில் நிறுத்தியது. 1984இல் வார்சாப் பல்கலைக்கழகத்தார் அவரைத் தங்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். அரசு ஏற்க மறுத்தது. அவர் வகுப்பறைக்குத் திரும்பிச் சென்று பாடம் நடத்தினார். 1989இல் ஆட்சி மாறியது. அதனைக் கண்டுவிட்டு 1990 மார்ச்சில் இறந்தார்.

கோலகோவ்ஸ்கி 2009இல் ஆக்ஸ்ஃபோர்டில் மறைந்தபொழுது அவர் உடல் வார்சாவுக்குக் கொண்டுவரப்பட்டு அரசு மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது. நெடுங்காலம் சமூகவியலோடு இணைந்திருந்த மெய்யியல் 2020இல் மீண்டும் தனிப் புலம் ஆயிற்று. பல்கலைக்கழகத்தின் புதிய நூலகம் 1999இல் எழுந்தது. அதனுள் நுழைவோர் நான்கு உயர்ந்த தூண்களைக் காண்பர். ஒவ்வொன்றின் மேலும் ஒரு மெய்யியலாரின் உருவம் நிற்கிறது: த்வார்டோவ்ஸ்கி, வுகாசியேவிச், லெஸ்னியெவ்ஸ்கி, டார்ஸ்கி. பதவி தர மறுக்கப்பட்ட மாணாக்கரும் அவரை விரும்பாத ஆசிரியரும் இன்று ஒரே மண்டபத்தில் நிற்கின்றனர். த்வார்டோவ்ஸ்கி வார்சாவில் ஒருநாளும் பேராசிரியராக இருந்ததில்லை.